டாப் கியரில் நின்ற வேன்

மாலை நாலேகாலுக்கு அம்மாவின் போனிலிருந்து வேறு யாரோ பேசினார்கள். பாலவாக்கத்தில் சாலை ஓரமாக ஒரு வேன் நிற்கிறது, ஓட்டி வந்த பெரியவர் ஸ்டியரிங் மேல் சாய்ந்து கிடக்கிறார், உடனே வாருங்கள். நான் தியாகராய நகரில் அலுவலகத்தில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள்.

அப்பா ராஜகோபாலன் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய பெட்ரோல் வேன் ஒன்றை வாங்கி, பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, படுக்கப் பலகையும் சின்ன அடுப்பும் வைத்தார். ஓட்டுபவருக்குப் பின்னால் அம்மாவின் பழைய புடவையில் ஒரு திரை. மயிலாப்பூரிலிருந்து திருவிடந்தை வரை போனாலும் அவர்களுக்கு அது யாத்திரைதான்.

இன்ஜின் எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறதோ அவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்பது அப்பாவின் பிடிவாதம். வேகம் இருபதைத் தொட்டதுமே டாப் கியருக்குப் போய்விடுவார். வண்டி உதறும், முனகும். கொஞ்சம் வேகம் குறைந்தால் அணைந்து நின்றுவிடும். இதனால் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூடக் கூடியதாகத் தெரியவில்லை.

“ஏன்னா, மறுபடியும் டாப்பா? தேர்டு போட்டா கை தேஞ்சா போயிடும்?”

“நீ ராணி மாதிரி பின்னால படுத்துண்டு வா, விசாலம். மைலேஜ் என் டிபார்ட்மெண்ட்.”

கே.கே. நகர் மெக்கானிக் பொன்னுரங்கமும் விடமாட்டார். “இன்னா சார், இஞ்சினுக்குக் குளிர் ஜொரமா? இப்டித் தெணறவுட்டா இன்னும் ஜாஸ்திதான் குடிக்கும்.” அப்பா சிரிப்பார். தெரு முனை திரும்புவதற்குள் மறுபடி டாப்.

அன்றும் வண்டி உதறி அணைந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அதுவும் வழக்கம்தான். “கியரை இறக்குங்கோன்னா கேட்டாத்தானே” என்று அம்மா திரைக்குப் பின்னாலிருந்தே சொன்னாள். பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்தாள். பிளாஸ்கைத் திறந்து காபியை ஊற்றி, ஆற்றிக் குடித்தாள். டம்ளரைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் திரையை விலக்கினாள்.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் போய்விட்டார்கள். அம்மா அழுவதில்லை. சோற்றில் கையை வைத்தபடி ஒன்றையே கேட்கிறாள்.

“நின்ன உடனே எட்டிப் பாத்திருந்தா பொழைச்சிருப்பாரோடி?”

இல்லை என்கிறேன்.

“நீ என்ன டாக்டரா?”

அன்று அவரைப் பார்த்த டாக்டரிடமே கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டாக்டரின் எண் என் போனில் இருக்கிறது. இன்னும் கூப்பிடவில்லை.