ஐந்தாவது கிரகத்துக்கு ஆறு நாள்

பழைய வீடியோ கேம் விற்கும் கடையில் பாதி வேலை தூசி தட்டுவது, மீதி வேலை தெரியாத கேள்விக்குத் தெரிந்த மாதிரி நிற்பது. என்னைப் போல வாய் திறக்கவே கூச்சப்படுகிறவராக நீங்களும் கடையில் நின்றிருந்தால் உங்களுக்கே புரியும்.

அட்டையில் ராக்கெட்

எங்கள் கடை சிங்கப்பூரில், ஜாலான் புசார் வட்டாரத்தில். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். இந்த வேலையை நம்பித்தான் மகளைச் சைல்ட்கேர் காப்பகத்தில் சேர்த்திருந்தேன். முதல் வாரமே ஒருவர், ஜப்பானில் மட்டும் வந்த ஒரு பழைய விண்வெளி கேமை எடுத்து, கதை என்ன என்று கேட்டார். "ராக்கெட்ல... போவாங்க, அண்ணே" என்றேன்.

"அட்டையில இருக்கிற ராக்கெட்ட நானும் பாத்துட்டேன் லா, தங்கச்சி!"

கடைசி வரி

கேசட் ஓடுமா என்று கேட்டால் போட்டுக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை ஒருவருக்கு அதே கேமின், கடையிலேயே வைத்திருக்கும் கேசட்டைப் போட்டேன். திரையில் மூன்று வரி, எல்லாம் ஜப்பான் எழுத்து. கடைசி வரியை அமுக்கினேன். முதலாளி ஞாயிறுதோறும் ஆடிச் சேமித்து வைத்திருந்த ஆட்டம் மொத்தமும் அழிந்துபோனது. ரிப்பேர் பார்க்கும் தேவி அக்கா தலையில் கை வைத்தார்.

"அஞ்சாவது கிரகத்துல இருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறாரு, ஞாயிறுக்குள்ள அங்க போய் நில்லு, இல்லன்னா வேற வேலை தேடு!"

நோட்டு

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமாகி இங்கே வந்ததிலிருந்து எம்ஆர்டி ரயில் டிக்கெட் மெஷின், கிளினிக்கில் டோக்கன் மெஷின் எல்லாமே எந்தப் பட்டன் எந்த இடம் என்ற ஞாபகத்தில்தான் ஓடுகிறது. அதேபோலச் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு வரியாக அமுக்கிப் பார்த்து நோட்டில் எழுதினேன். மேலிருந்து இரண்டாவது, பேசு. நான்காவது, கதவைத் திற. முதல் திரையில் கடைசி, செத்தாலும் தொடாதே. கேம் வாங்க வந்து பின்னால் நின்று பார்த்த காலேஜ் பெண்ணுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"நான் ஜாப்பனீஸ் கிளாஸ் போயும் முதல் கதவே தாண்டல, நீங்க எப்படிக்கா?"

ஞாயிறு

மூன்றாவது கிரகம்வரைதான் போக முடிந்தது. முதலாளியிடம் உண்மையைச் சொல்லி நோட்டை நீட்டினேன். திரையைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். தேவி அக்கா உள்ளே இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நான் ரெண்டாவது கிரகத்தையே தாண்டல, தேவிகிட்ட சொல்லிடாதம்மா, நாளையிலேருந்து நீ நிரந்தரம், இந்த நோட்டு மட்டும் என்கிட்ட இருக்கட்டும்."

இப்போது கிரகம் விட்டுக் கிரகம் ராக்கெட் ஓட்டுகிறேன், கடைக்கு வருகிறவர் முகத்தைப் பார்த்து "வாங்க" என்று சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை.