தங்கை கேட்ட கேள்வி

சுவிஸில், லோசான் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் என்னோடு தரை துடைத்தவர், ஐரோப்பாவில் நாடோடிகள் என்று ஒதுக்கப்படும் ரோமா இனத்தவர். நரைத்த, நெடிய மனிதர். தன் நாட்டில் அரசாங்கத்தின் பேச்சாளராக இருந்தவர். அந்த இனத்திலிருந்து அப்பதவிக்கு வந்த முதல் ஆள். இடைவேளைகளில் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் தங்கைக்கு அழைப்பார். அவள் ஒருபோதும் பதிலளித்ததில்லை.

"அவவுக்கு என்ன கோபம்?" என்று எங்கள் அரைகுறைப் பிரெஞ்சில் ஒருநாள் கேட்டேன்.

"எங்கட சனத்தின்ர குடியிருப்பை அரசாங்கம் இடிச்சது. ஒருத்தரையும் வெளியேத்தேல்லை எண்டு டிவியில சொன்னது நான். அவளின்ர வீடும் அதுக்குள்ளதான் இருந்தது."

"பொய்யெண்டு தெரிஞ்சோ சொன்னீங்கள்?"

"ஓம். எழுதித் தந்ததை வாசிச்சன். மறுத்தால் எங்கட ஆக்களுக்கு இனி அந்தப் பதவிக் கதிரை கிடைக்காது எண்டு நினைச்சன்."

பிறகு என் போனைக் கேட்டு வாங்கினார். தெரியாத நம்பர் என்பதால் தங்கை எடுத்துவிட்டாள். அவர் தங்கள் மொழியில் பேசினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, போனைத் திருப்பித் தந்தார்.

"என்ன சொன்னவா?"

"மன்னிப்புக் கேட்டன். இதை உனக்கு ஆர் எழுதித் தந்தது எண்டு கேட்டிட்டு வைச்சிட்டாள்."

சுவரில் நெற்றியை வைத்து நின்றார்.