கெராங் தின்னாத பிள்ளை

தேவதாஸ் சுகாதார அலுவலகத்தில் கொசுவுக்கு எண்ணெய் அடிக்கிற ஆள். முதுகில் தகர டின்னைக் கட்டிக்கொண்டு மலாக்கா சாக்கடைகளை ஒன்று விடாமல் வலம் வருவார். மலாயில் எண்ணெய்க்கு மிஞ்ஞா என்பதால் அவர் குடியிருந்த காஜா பேராங்கில் அவருக்கு மிஞ்ஞா தேவதாஸ் என்றே பெயர். மலாக்கா செட்டி வம்சம். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். அவரும் அவர் வீட்டாரும் பேசியதை நமக்காக நான் தமிழில் சொல்கிறேன். தெரிந்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். யார்மீதும் கோபப்படத் தெரியாத மனிதர் அவர், எனக்கு அவர்மேல் இருக்கிற ஒரே வருத்தமும் அதுதான்.

சுதந்திரம் வரவிருந்த ஐம்பத்தேழாம் ஆண்டு ஜூனில் அவர் வீட்டில் பழங்கள் பழுக்கும் பருவத்துப் படையல் நடந்தது. இறந்துபோன பெரியவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் வாழையிலையில் வைத்துக் கும்பிடுவார்கள். தேவதாஸின் அப்பாவுக்குக் கெராங் சிப்பி என்றால் உயிர், அதுவும் கொதிநீரில் காட்டி எடுத்த அரைவேக்காடுதான் இறங்கும். மனைவி சாரதாம்பாள் கடலோரத் தெங்கேராவுக்குப் போய்க் கெராங் வாங்கிவந்து மாமனார் ருசித்த பக்குவத்திலேயே செய்தாள். படைத்ததை உறவு வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவார்கள். வாங்கியவர்கள் அதில் கொஞ்சம் எடுத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். எந்தச் சிப்பி எந்த வாயில் போய் முடிந்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இரண்டு வாரம் கழித்து அந்தச் சந்தில் காய்ச்சல் புகுந்தது. டைபாய்டு என்றார்கள். ஏழு பிள்ளைகள் படுத்தார்கள், ஐந்து பேர் எழுந்தார்கள். எழாத இருவரில் ஒன்று பின்சந்து அப்பாசாமியின் மகன். மற்றது தேவதாஸின் ஒரே மகள் சந்திரமதி.

பிள்ளையை அடக்கம் செய்த அன்றிலிருந்து சாரதாம்பாள் அடுப்பு மூட்டவில்லை. சொந்தக்காரர்கள் கொண்டுவந்து வைத்தால் சாப்பிடுவாள். யாருக்காவது ஒரு குவளைத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கச் சொன்னாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். “பிள்ளை வேணாம் வேணாம்னு தலையை ஆட்டுச்சு. தாத்தாவுக்குப் படைச்சதுன்னு நான்தான் ஊட்டிவிட்டேன்,” என்பாள். அவள் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: தன் கையா, இல்லையா? அதற்குப் பதில் சொல்ல தேவதாஸுக்கு வழி தெரியவில்லை.

ஒரு வழி இருப்பதாகச் சொன்னவர் டாக்டர் கருணாகரன். சுகாதார அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவர், சிங்கப்பூரில் படித்தவர். ஊழியர்களை உட்காரவைத்து விளக்கினார். “நோய் வந்த பிள்ளை என்ன தின்னதுன்னு மட்டும் கேட்டா ஒண்ணும் தெரியாது. ஏழு பேரும்தான் சோறு தின்னாங்க, அதுக்காகச் சோத்தால வந்ததுன்னு சொல்லிட முடியுமா? நோய் வராத பிள்ளைங்களையும் அதே கேள்வி கேட்கணும். இவங்க தின்னு அவங்க தின்னலைன்னா அதுமேல சந்தேகப்படலாம்.”

அவருக்குச் சந்தேகம் இரண்டின்மேல் இருந்தது, ஒன்று கெராங், மற்றது அந்தச் சந்துக்குப் பொதுவான கிணறு. நோய் கண்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே வயதில் சுகமான பிள்ளைகள் இரண்டு பேரைத் தேட வேண்டும். “சொந்தக்காரங்க வேணாம். ஜாலான் பெண்டஹாரா, தெங்கேரான்னு வெளியே போய் எடுங்க,” என்றார். தேவதாஸ் எழுந்து, அந்த வேலையைத் தனக்கே கொடுக்கும்படி கெஞ்சி வாங்கிக்கொண்டார். ஏன் கேட்கிறார் என்று டாக்டருக்கும் புரிந்திருந்தது.

நோய் கண்ட வீடுகளில் கேட்டு முடித்துவிட்டு, மறுநாள் காலை ஜாலான் பெண்டஹாராவுக்குப் போனார். துணிக்கடைக்கு மேல்மாடியில் நாகம்மை என்ற நகரத்தார் வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு படியில் நின்றிருந்தாள். பின்னால் சந்திரமதி வயதில் ஒரு சிறுமி. “என்ன வேணும் அண்ணே? மேல வாங்க,” என்றாள் அவள். தேவதாஸுக்குக் காலெழவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவன் தீட்டுக் கழியும்முன் பிள்ளை இருக்கிற வேற்று வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். தன் வீட்டுக்கு வந்தது இந்த வீட்டுக்கும் வந்துவிட்டால்? வீடு மாறி வந்துவிட்டதாக ஏதோ உளறிவிட்டுத் திரும்பினார்.

உறவு வீடுகளுக்கு அந்தத் தடை கிடையாது, அவர்களுக்கும் அதே தீட்டுத்தான். அதே சந்தில் இருந்த சித்தப்பா வீடு, அத்தை வீடு, மனைவியின் அக்கா வீடு என்று ஏறி இறங்கிச் சுகமான பிள்ளைகளையெல்லாம் சேர்த்துவிட்டார். சுகமான பிள்ளை எங்கே இருந்தால் என்ன, சுகமான பிள்ளைதானே என்று நினைத்தார். டாக்டரை ஏமாற்றும் எண்ணம் கடுகளவும் இல்லை. அந்தச் சமயத்தில் நீங்களோ நானோ ரொம்ப வேறு மாதிரி நடந்திருப்போம் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் நடுவில் டாக்டர் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வெளியே மெர்டேக்கா என்கிற சுதந்திர நாளுக்கு வளைவு கட்டுகிறவர்கள் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“நோய் வந்த பிள்ளைங்க எல்லாம் கெராங் தின்னிருக்கு. வராத பிள்ளைங்களும் எல்லாம் தின்னிருக்கு. எல்லாருக்கும் ஒரே கிணத்துத் தண்ணி. இந்தச் சுகமான பிள்ளைங்க யாரு, தேவதாஸ்?”

தேவதாஸ் சொன்னார். நாகம்மை வீட்டுப் படியையும் சொன்னார். டாக்டர் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

“ஒரே சட்டி, ஒரே கிணறு. இதை வச்சு எதையும் ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது.”

“திரும்பப் போறேன் டாக்டர். இந்த வாட்டி தெங்கேராவுக்கே போறேன்.”

“இனிமே பிரயோஜனம் இல்லை லா. கெராங்தான் கொன்னுச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. இப்ப யார்கிட்டக் கேட்டாலும் நாங்க கெராங்கைத் தொட்டதே இல்லைன்னுதான் சொல்வாங்க. நீங்க மட்டும் நொந்துக்க வேண்டியது இல்லை தேவதாஸ், நானும் கூட வந்திருக்கணும்.” அடுத்த வாரம் டாக்டருக்கு ஈப்போவுக்கு மாற்றல். கிணறா, கெராங்கா, இரண்டும் இல்லாத வேறொன்றா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வீடு வரும் வழியெல்லாம் தேவதாஸ் ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருந்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. ஆனால் டாக்டர் சொன்னதில் பாதியைச் சொன்னால் அது பொய்யாகாது. அந்தப் பாதி போதும், நாளைக்கே அவள் அடுப்பு மூட்டிவிடுவாள் என்று நம்பினார். பாவம்.

சாரதாம்பாள் சமையலறைக் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எதிரே குந்திச் சொன்னார். “கேட்டுப் பார்த்தாச்சு, சாரதா. சுகமா இருக்கிற பிள்ளைங்களும் நம்ம கெராங்கைத் தின்னிருக்கு. உன் அக்கா மக, சித்தப்பா பேரன், எல்லாந்தான். ஒண்ணும் ஆகலை. கெராங் இல்லை. உன் கை இல்லை.”

அவள் முகத்தில் ஏதோ இளகியது. பல நாளைக்குப் பிறகு அவரை நேராகப் பார்த்தாள்.

“அப்ப, காய்ச்சல் கண்ட பிள்ளைங்க?”

“அதுங்களும் தின்னிருக்கு. எல்லாருமே தின்னிருக்காங்கன்னுதான் சொல்றேன்.”

“செத்துப்போன அப்பாசாமி மகன் தின்னலையே. அவங்க வீட்டுக்கு நான் கொடுக்கவே இல்லையே.”

“உன் அக்கா வீட்டிலேர்ந்து போயிருக்கு,” என்றார் தேவதாஸ். சொல்லி முடிக்கும்போதுதான் எதைச் சொன்னோம் என்று உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

சாரதாம்பாள் அழவில்லை. இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள்.

“நம்ம பிள்ளையை மட்டுந்தான்னு நினைச்சிருந்தேன்,” என்றாள்.