ஒரு தட்டின் நீளம்

இசையில் ஒரு தட்டு என்பது எவ்வளவு நேரம்? எனக்குத் தெரியவில்லை.

இட ஒதுக்கீட்டு மறியலில் எங்கள் பேருந்து தியாகதுருகத்தில் நின்றுவிட்டது. எங்கள் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவரும் சென்னையிலிருந்து வர வழியில்லை என்று போன் செய்தார். நாளை ஆராதனைக்கு நான்தான் வாசிக்க வேண்டும். எந்தக் குறிக்கு எந்தக் கட்டை என்று தெரியும். எவ்வளவு நேரம் அழுத்துவது என்பதுதான் பிடிபடவில்லை. மடியிலிருந்த பாட்டுக் குறிப்பின் ஜெராக்ஸ் தாளில், வேகம் எழுதியிருந்த மேல்வரி வெட்டுப்பட்டிருந்தது.

பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்தார்.

“இன்னாங்க இது, முட்டை முட்டையா?”

“பாட்டுங்க. வெள்ளை முட்டைக்கு நாலு தட்டு, காம்பு வெச்ச கறுப்புக்கு ஒண்ணு.”

“ஒரு தட்டுன்னா எம்மாம் நேரம்?”

“அது பாட்டைப் பொறுத்துங்க.”

“பஸ் எப்ப எடுப்பீங்கன்னா டிரைவரும் இப்பிடித்தான் சொல்லிக்கினு இருக்காரு.”

மறுநாள் ஆராதனை முடிந்து இந்தப் பதிவில் சேர்ப்பது: நாலு எண்ணிக் கையை எடுத்தேன். சபையார் மூச்சு தீரும்வரை இழுத்தார்கள். நான் இரண்டாம் வரியில் இருந்தபோது அவர்கள் முதல் வரியிலேயே இருந்தார்கள். கடைசிப் பாட்டுக்கு எண்ணுவதை விட்டுவிட்டு, அவர்கள் வாயைப் பார்த்தே வாசித்தேன்.

அடுத்த வாரமும் நானே வாசிக்க வேண்டுமாம். தட்டின் நீளம் தெரிந்தவர்கள் அதற்குள் சொல்லுங்கள்.