உருத்திரமூர்த்தியின் இடது இறக்கை

வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் உருத்திரமூர்த்தி அவர் கையில் ஒரு டோர்ச்சையும், நீளக்கம்பியில் பூட்டிய சின்னக் கண்ணாடியையும் திணித்துவிடுவார். தேத்தண்ணி கிடையாது, சுகம் விசாரிப்பு கிடையாது. நேரே பின்பக்கக் கராஜ். அங்கே இரண்டு மரத் தாங்கிகளின் மேல், பதினான்கு அடி நீளத்துக்கு, வயிறு திறந்தபடி படுத்திருக்கும் ஒரு விமான இறக்கை.

"தலையை உள்ளுக்கை விடுங்கோ. விட்டிட்டு ஒரு பிழை சொல்லுங்கோ பாப்பம்."

புரோசார்டிலிருந்து வந்த பேராசிரியர் அனந்தராமன் கழுத்துப்பட்டியோடு தலையை விட்டார். "சார், நான் கணக்கு வாத்தியார். ஒரு காபி சாப்பிடலாம்னு வந்தேன். எனக்கு இதுல என்ன தெரியப்போகுது?"

"அதுதானே! படிச்ச ஆக்களுக்கு ஒண்டும் பிடிபடாது. எண்டாலும் பாருங்கோ. வாற சனிக்கிழமை அவன் வாறான்."

அவன் என்றால் அரசாங்கப் பரிசோதகர். சொந்தமாக விமானம் கட்டுகிறவர் கடைசித் தகட்டை அடித்து மூடுமுன், அவர் வந்து உள்வயிற்றைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் இறக்கை திறந்தபடியே கிடக்கும். மறுபடி அவர் வருவது பனி கரைந்த பிறகுதான். நான்கு வருட உழைப்பு அந்த ஒரு கையெழுத்தில் தொங்கியது.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் உருத்திரமூர்த்தி. சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் பகலெல்லாம் அலுமினியத் தகடு வளைக்கிறார். மொன்ட்ரியால்-நோர் வாடகை வீட்டுக் கராஜில் மிச்ச நேரமெல்லாம் அதே வேலை. நகத்தால் ஒருமுறை வருடினால் போதும், எந்த ரிவெட் ஆணி சரியாக உட்காரவில்லை என்று சொல்லிவிடுவார். எந்தப் பல்கலைக்கழகத்திலும் அந்த நகம் முளைக்காது. எங்களைப் போன்ற ஆறாம் வகுப்புக்காரருக்குத்தான் முளைக்கும் என்பார்.

இரண்டு கையும் வேலையில் இருப்பதால் டோர்ச்சைப் பல்லால் கடித்துக்கொண்டு இறக்கைக்குள் புகுவது அவர் வழக்கம். முன்பல் நான்கும் பொய்ப்பல். அவை காணாமற்போய்ப் பதினொரு நாளாகிறது. அன்றிலிருந்து அவர் 'சனிக்கிழமை' என்றால் எதிரே நிற்பவருக்குக் காற்றடிக்கும்.

"நீர்தான் ரிஷ்யூப் பேப்பரோடை சுத்தி எறிஞ்சிருக்கிறீர்" என்று மனைவி ஞானாம்பிகை மேல் பழி போட்டார்.

"உங்கடை பல்லு எனக்கென்னத்துக்கு? எனக்கு முப்பத்திரண்டும் வாயிலைதான் கிடக்கு" என்றாள் அவள். ஆனாலும் கையுறை போட்டுக் குப்பைப் பையை இரண்டுதரம் கிண்டினாள்.

சனிக்கிழமை பரிசோதகர் பெலாஞ்சே வந்தார். உருத்திரமூர்த்தி நீட்டிய டோர்ச்சை வாங்கவில்லை, தன்னுடையதைக் கொண்டுவந்திருந்தார். அரை மணிநேரம் பார்த்தார். ரிவெட் வரிசையைத் தடவித் தலையாட்டினார். உருத்திரமூர்த்தியின் நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது. கடைசியில் நுனியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்.

கிலுக்.

இறக்கினார்கள். கிலுக்.

இறக்கைக்குள் ஒரு நெல்மணிகூட உருளக்கூடாது. பறக்கும்போது அது போய் விமானத்தைத் திருப்பும் கம்பியில் சிக்கினால் கதை முடிந்தது. உருத்திரமூர்த்தி மனைவியின் பக்கம் சரிந்தார். "என்ரை வேலையிலை அப்பிடி வராது. அந்தக் கணக்கு வாத்தியார்தான் எதையோ போட்டிட்டுப் போயிட்டார்" என்று முணுமுணுத்தார்.

பெலாஞ்சே முன்விளிம்பின் மூலைக்குள் கண்ணாடியை விட்டார். நீளக் குறடு ஒன்றை உள்ளே நுழைத்தார். வெளியே வந்தன நான்கு பற்கள், இளஞ்சிவப்புப் பல்முரசோடு. அவற்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வரைபடத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, "இந்த உறுப்பு இதில் இல்லையே, முசியே" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"அது... அது பிளேனுக்கு இல்லை. எனக்கு" என்று உருத்திரமூர்த்தி வாயைப் பொத்தியபடி தமிழிலேயே சொன்னார். மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

ஞானாம்பிகை கராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "குப்பை கிண்டினது நான்!"

பல்லே உள்ளே கிடந்தால் வேறு என்னென்ன கிடக்கும் என்று பெலாஞ்சே முதலிலிருந்து தொடங்கினார். இன்னும் இரண்டு மணிநேரம். ஒன்றும் அகப்படவில்லை. கையெழுத்துப் போட்டார், போகும்போது வாசல் படலையடியில் நின்று தனியாகச் சிரித்தார்.

கழுவிய பல்லை மாட்டிக்கொண்டு, அன்று பிற்பகலே உருத்திரமூர்த்தி கடைசித் தகட்டைத் தூக்கி இறக்கையின் மேல் வைத்தார். ரிவெட் மெஷினைக் கையில் எடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ." ஞானாம்பிகை டோர்ச்சோடும் கண்ணாடியோடும் வந்து நின்றாள். "வாயைத் திறவுங்கோ."

ஊரில் உள்ளவர் தலையையெல்லாம் இறக்கைக்குள் விட வைத்த மனிதர், அவள் உயரத்துக்குக் குனிந்து, ஆவென்று வாயைத் திறந்தார்.