எதிர்வீட்டுச் சாம்பிராணிப் புகை

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில், மலாக்கா காஜா பேராங்கில் எங்கள் எதிர்வீட்டில் மலாக்கா செட்டி ஒருவர் இருந்தார். பழைய தமிழ் வம்சம்தான், ஆனால் வீட்டில் மலாய்தான் பேசுவார். ஆள் பிடிக்கும் ராணுவ லோரி மூன்று முறை வந்தது. மூன்று முறையும் அவர் வாசலில் சாம்பிராணிப் புகை எழுந்ததைப் பார்த்தேன். அதுதான் ஜப்பான்காரனுக்குச் சைகை, காட்டிக்கொடுப்பவர் அவரே என்று தெரு முழுக்கச் சொன்னேன்.

போனவர் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு எங்கள் தெருவில் ஓர் ஆள் கேட்டார்கள். எல்லோரும் அவர் பெயரைத்தான் சொன்னோம். முதலில் சொன்னவன் நான்.

லோரியில் ஏறும்போது அவர் என்னைத் தேடிப் பார்த்து, "தம்பி, வீட்டைப் பாரு" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னார்.

அன்று என் மனைவி கேட்டாள்: "என்னங்க, லோரி வராத நாள்ல அங்க புகை வரலியா?"

எனக்குத் தெரியவில்லை. லோரிச் சத்தம் கேட்டால்தான் நான் ஜன்னல் பக்கமே போவேன்.

மறுநாளிலிருந்து தினமும் பார்த்தேன். செத்துப்போன பெரியவர்களுக்காக அவர் மனைவி ஒரு நாள் விடாமல் சாம்பிராணி போட்டாள். புகை எழுந்துகொண்டே இருந்தது. லோரி வரவில்லை, அவரும் வரவில்லை.

நான் கொடுக்கும் மரவள்ளிக்கிழங்கை அவள் இரு கையாலும் வாங்கிக்கொள்வாள். முதலில் பெயர் சொன்னது யார் என்று அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.