மணல் மூட்டையைக் கட்டிப்பிடித்த படம்

போன வருடம், ஆடிக்காற்று கூரைத் தகரத்தை உலுக்கிக்கொண்டிருந்த சமயம். சூலூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, தறி ஓட்டம் நின்று பூட்டிக் கிடந்த ஒரு தறிக்கூடத்தை வாடகைக்குப் பிடித்து, ஒரு இளம்பெண் உடற்பயிற்சிக் கூடம் நடத்தி வந்தாள். கபடி ஆடியவள். அவளை நாங்கள் கோச் என்றே கூப்பிடுவோம். அங்கே ஏசி கிடையாது, ஓடுகிற மெஷின் கிடையாது, அழகு பார்க்கக் கண்ணாடியும் கிடையாது. டிராக்டர் டயர், தடிக்கயிறு, மணல் மூட்டை, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு, இவ்வளவுதான் சாமான். அந்தக் குண்டு பார்க்கத் தூக்குப்போசி, அதாவது தூக்குவாளி மாதிரியே இருந்ததால் எங்களுக்கு அது போசிதான். குனிவது, தூக்குவது, சுமப்பது என்று அன்றாடம் செய்கிற வேலைகளையே பயிற்சியாக மாற்றி, வேர்த்து ஊற்றும்வரை விடமாட்டாள்.

நான் சேர்ந்தது வயிற்றைக் குறைக்க. அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட் உடம்பில் ஏறவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் என் பக்கத்தில் நின்று பயிற்சி செய்தவள் அப்படி வந்தவள் அல்ல. எங்கள் தெருக்காரிதான், என் தோழி, என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவளுடைய மகளுக்குப் பதினொரு வயது. பிறந்ததிலிருந்தே கால் நிற்காது, பேச்சும் நிதானமாகத்தான் வரும். ஆனால் படு சுட்டி. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, அங்கிருந்து குளியலறைக்கு என்று எல்லாவற்றுக்கும் அம்மாதான் தூக்க வேண்டும். பிள்ளை வளர வளர அம்மாவின் முதுகு விட்டுப்போனது. உடம்பைப் பலப்படுத்தினால்தான் தாங்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்ப, இங்கே வந்து சேர்ந்தாள்.

கோச் அவளுக்கென்றே ஒரு மணல் மூட்டை கட்டிக் கொடுத்திருந்தாள். ஆரம்பத்தில் அதில் கொஞ்சம்தான் மணல். பிறகு மெல்ல மெல்லச் சேர்த்து, மகளின் எடைக்குக் கொண்டுவந்தார்கள். பாப்பா எடை கூடினால் மூட்டையிலும் மணல் ஏறும். நாங்களெல்லாம் மூட்டையைத் தொப்பென்று போட்டுவிட்டு மூச்சு வாங்குவோம். அவள் மட்டும் எவ்வளவு களைத்திருந்தாலும் மெதுவாகத்தான் கீழே வைப்பாள்.

அவளுடைய வீட்டுக்காரர் மில்லில் பஞ்சுப் பொதி தூக்கித் தூக்கித் தோள்பட்டை போனவர். மகளைத் தூக்க முடியவில்லையே என்று ஏற்கெனவே உள்ளுக்குள் புழுங்குகிறவர். அதனால் அவரிடம், உடம்பு இளைக்கத்தான் ஜிம்முக்குப் போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள்.

இந்த நேரத்தில்தான் ஒரு வார இதழிலிருந்து எங்களைப் பேட்டி எடுக்க வந்தார்கள். பெயரைச் சொன்னால் உங்கள் வீட்டு டீப்பாயிலும் ஒன்று கிடக்கும். நிருபர் கோவையைச் சேர்ந்த சின்னப் பெண். கூடவே சென்னையிலிருந்து ஒரு போட்டோகிராபர். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருத்தி மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்தாள். இன்னொருத்தி விருந்தாளிகளுக்கென்று ஒப்புட்டு, அதுதான் போளி, சுட்டு எடுத்து வந்துவிட்டாள். தொப்பையைக் குறைக்கிற இடத்தில் நெய் மணக்க ஒப்புட்டு!

போட்டோகிராபர் மனதுக்குள் முன்பே படம் எடுத்து முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார் போல. பூவை எடுக்கச் சொன்னார். வேர்த்த மாதிரி தெரிய வேண்டுமென்று முகத்தில் தண்ணீர் தெளித்தார். பல்லைக் கடிக்கச் சொன்னார், கத்தச் சொன்னார். எல்லாவற்றுக்கும் நாங்கள் "சரிங்க."

நிருபர் பெண் கேள்வி கேட்டாள். "ரொம்ப வலிக்குமாங்க?" "வலிக்குங்க." "பயமா இருக்குமா?" "இருக்குங்க." "அடிபட வாய்ப்பு இருக்கில்ல?" "இருக்குங்க." தேடி வந்த விருந்தாளியிடம் முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்ல எங்கள் பக்கத்து நாக்கு வளையாது. அவர்கள் கேட்க, நாங்கள் தலையாட்ட, ஒரே மணி நேரத்தில் பேட்டி முடிந்துவிட்டது. என் தோழியை அந்த மணல் மூட்டையைக் கட்டிப்பிடித்து ஆவேசமாகக் கத்தச் சொன்னார்கள். அது என்ன மூட்டை என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தினாள்.

இதழ் வந்த அன்று பஸ் ஸ்டாண்டு கடையில் ஆளுக்கு இரண்டு வாங்கினோம். பிரித்துப் பார்த்தால் "வலியைக் காதலிக்கும் கொங்குப் பெண்கள்!" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதற்குக் கீழே பக்கம் முழுக்க என் தோழி, மூட்டையோடு மல்லுக்கட்டுகிற மாதிரி. எதிர்ப்பக்கத்தில் வயிறு ஒட்டிய வெளிநாட்டு அழகி ஒருத்தி. ஓரத்தில் சிவப்புக் கட்டம் கட்டி, முதுகுவலிக்காரர்கள் இந்தப் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும் என்று ஓர் எச்சரிக்கை. எச்சரிப்பதில் தப்பில்லை. ஆனால் எங்கள் கோச் வெறும் குச்சியைக் கையில் கொடுத்து எத்தனை வாரம் குனிந்து நிமிரக் கற்றுக் கொடுத்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. ஒன்று மிரட்டல், இல்லாவிட்டால் ஜிகினா. நடுவில் எங்களைக் காணவே காணோம்.

மறுநாள் தோழி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் அந்தச் சிவப்புக் கட்டத்தைப் படித்திருக்கிறார். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. "முதுகு போய் நீயும் படுத்துட்டீன்னா பாப்பாவ யாரு தூக்கறது?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதானே. உண்மையைச் சொன்னால் அவர் உடைந்துபோவார் என்று இவள் வாயைத் திறக்கவில்லை.

"உட்டுருங்கக்கா. இத்தன நாள் செஞ்சது போதும்" என்றாள்.

போதாது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாப்பா இன்னும் வளர்வாள். பயிற்சியை விட்டால் சீக்கிரமே அந்தப் பிள்ளை கட்டிலோடு கிடக்க வேண்டியதுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோச்சிடம் நம்பர் வாங்கி நிருபரைக் கூப்பிட்டேன். "ஏனுங்க, உங்குளுக்குக் கண்ணு இருக்குதுங்களா? வந்து பாத்துட்டு என்னத்தங்க எழுதிப்போட்டீங்க?" என்று நன்றாகத் திட்டினேன். திட்டும்போதும் அந்த 'ங்க'வை விட முடியவில்லை என்பதுதான் கொடுமை.

அந்தப் பெண் போனை வைத்துவிடவில்லை. தலைப்பும் படமும் ஆபீஸில் முடிவு செய்தது என்றாள். சற்று யோசித்து, "ஆனா நான் கேட்டப்போ நீங்க யாருமே இல்லைன்னு சொல்லலையேம்மா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. மூட்டைக் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நாளைக்கு லீவுதாம்மா. வரட்டுமா?" என்றாள்.

சொன்னபடியே ஸ்கூட்டரில் வந்தாள். தோழியின் வீட்டுக்கு நான்தான் கூட்டிப் போனேன். வீட்டுக்காரரும் இருந்தார். நிருபர் முதல் காரியமாக அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் சங்கடப்பட்டுக்கொண்டு, "அட, அதெல்லாம் எதுக்குங்க கண்ணு, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

உள்ளே கட்டிலில் இருந்த பாப்பாவுக்குப் பத்திரிகைக்காரி வந்திருப்பது தெரிந்து ஒரே குதூகலம். தன்னையும் முன்னறைக்குக் கொண்டுவரச் சொன்னாள். தோழி கட்டிலருகே போய்க் காலை அகட்டி வைத்து, இடுப்பை இறக்கி, மகளை மார்போடு அணைத்து எழுந்து, சக்கர நாற்காலியில் பதமாக உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். பயிற்சிக் கூடத்தில் நாங்கள் தினமும் பார்க்கிற அதே அசைவு. நிருபர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கட்டுமா பாப்பா? அம்மா ஜிம்முக்குப் போறது உனக்குப் புடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

பாப்பா ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசினாள். "முன்னாடியெல்லாம் தூக்கறப்ப... அம்மா அய்யோன்னு சொல்லும். பாத்ரூம் போகோணும்னா தூக்கோணுமல்ல... அதனால நான் தண்ணியே குடிக்க மாட்டேன். இப்ப அம்மா அய்யோ சொல்றதில்ல. நான் நெம்ப குடிக்கறேன்."

தோழி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். மகள் தண்ணீர் குடிக்காமல் இருந்தது அவளுக்கே தெரியாது. வீட்டுக்காரர் எழுந்து மகளின் காலடியில் போய் உட்கார்ந்தார். "எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?" என்று மனைவியைக் கேட்டார். குரலில் கோபமே இல்லை. அப்போதுதான் அவள் மூட்டையைப் பற்றியும், அவர் தோளைப் பற்றியும், மறைத்தது எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னாள். நானும் அழுதேன். பேட்டி எடுக்க வந்தவளும் அழுதாள்.

மறுநாள் காலை பயிற்சிக் கூடத்து வாசலில் அவருடைய பைக் வந்து நின்றது. பின்னால் தோழி. அவர் உள்ளே வந்து, அந்த மூட்டையைக் கையால் தடவிப் பார்த்தார். கோச்சிடம், "எனக்கும் இந்தத் தோளுக்கு ஏதாச்சு இருக்குதுங்களா?" என்று கேட்டார். டாக்டரைப் பார்த்துவிட்டு வாங்க, மெதுவாக ஆரம்பிக்கலாம் என்றாள் கோச். இப்போது சாயங்காலம் வருகிறவர்களில் அவரும் ஒருவர்.

நிருபர் ஆபீஸில் மன்றாடி ஒரு பக்கம் வாங்கியிருக்கிறாள். சில வாரம் கழித்து அது வந்தது. மகள் முகம் வேண்டாம் என்று தோழி தயங்க, "என்ற மூஞ்சி நல்லாத்தான இருக்குது?" என்று பாப்பா சண்டை போட்டு, பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டாள். அம்மா மகளைத் தூக்குகிற படம். யாரும் பல்லைக் கடிக்கவில்லை, யார் முகத்திலும் தண்ணீர் தெளிக்கவில்லை. தலைப்பெல்லாம் சிறிதாகத்தான் இருந்தது.

அந்த ஒரு பக்கத்தைக் கத்திரித்து எடுத்துக்கொண்டு சோமனூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். பக்கவாதத்தில் விழுந்த கணவரைக் கட்டிலில் எழுப்பி உட்காரவைக்க வேண்டுமாம். "எனக்குச் சொல்லித் தருவீங்களாங்க?" என்று கேட்டார். அடுத்து ஒரு கல்லூரிப் பெண் வந்தாள், நடக்க முடியாத தம்பிக்காக. எனக்கு வயிறு பெரிதாக ஒன்றும் குறையவில்லை, ஜாக்கெட்டையும் பிரித்துத்தான் தைத்தேன். ஆனால் தறிக்கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நிற்கிற புது முகம் எதைப் பார்த்தாலும், இவர் வீட்டில் யாரைத் தூக்க வேண்டியிருக்கிறதோ என்றுதான் எனக்கு இப்போது முதலில் தோன்றுகிறது.